உப்புப் படாத வாயைத் தேடிய ஊர்

காகிதப்படி பார்த்தால் என் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போவதுகூட எனக்கு வெளிநாட்டுப் பயணம்தான். பிறந்தது புதுச்சேரி, வளர்ந்தது புதுச்சேரி, சின்னதாக ஒரு சேலைக்கடை வைத்துப் பிழைப்பதும் புதுச்சேரி. ஆனால் பாஸ்போர்ட் பிரெஞ்சு. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது எந்த நாட்டுக் குடிமகனாக இருக்க விருப்பம் என்று கேட்டார்கள். அப்பா பிரான்சு என்றார். அந்த ஒரு கையெழுத்தில் நாங்கள் எல்லோரும் தெருவை விட்டு அசையாமலே வெளிநாட்டுக்காரர்கள் ஆகிவிட்டோம்.

தொண்ணூற்றைந்தில் பிரான்சில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டு, தூதரகத்துக்குப் போய், வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். பாரிசை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் என் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் போய்க் கேட்கவேண்டிய எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டுப்போட எனக்கு உரிமை கிடையாது. "உங்க ஓட்டு கடல் தாண்டிப் போவும், வாசல் சாக்கடைக்கு எட்டாது" என்பாள் என் மனைவி.

பள்ளிக்கூடம் என்னை அதிக நாள் வைத்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் நினைவு நாளான ஜூலை பதினான்காம் தேதி மெடல் குத்திக்கொண்டு வரும் அப்பாவின் கூட்டாளிகள் பேசக் கேட்டதும், பழைய புத்தகக் கடையில் நின்றபடியே படித்ததும்தான். மனிதர்கள் உரிமையில் சமமாகவே பிறக்கிறார்கள் என்று அங்கே எழுதினார்கள். அந்தச் சேதி கப்பலேறி மாதக்கணக்கில் மிதந்து புதுச்சேரிக்கு வந்தது. வெள்ளைக்காரர்கள் உடனே சபை கூட்டிக் குடிமக்கள் ஆனார்கள். கப்பலிலிருந்து மூட்டை இறக்கிய எங்கள் ஆட்களுக்குச் சேதி மட்டும்தான் கிடைத்தது. எங்களுக்கு ஓட்டு என்று ஒன்று வர இன்னும் பல தலைமுறை ஆயிற்று. வந்தபோதும் வெள்ளைக்காரருக்கு ஒரு பட்டியல், எங்களுக்கு வேறு பட்டியல். "சமத்துவம் நல்ல பிள்ளைதான். ஆனா மெதுவா நடக்கும்" என்பார் அப்பா.

இப்படிப்பட்ட நான் தொண்ணூற்றாறாம் வருடம் புரட்டாசியில் தீபாவளிச் சேலை எடுக்க அருப்புக்கோட்டைக்குப் போனேன்.

முதல் நாள் முழுக்கத் தறிச் சத்தம்தான். அருப்புக்கோட்டையில் சில தெருக்களில் பேசுகிறவர்கள் தறியின் தாளத்துக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் பேசுகிறார்கள். நானும் பழகிக்கொண்டேன். எனக்குச் சரக்கு கொடுப்பவர் சங்கரலிங்கம். குண்டு உடம்பு, வாயில் எப்போதும் வெற்றிலை, எதையும் நேராகச் சொல்லாத மனிதர். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எண்ணெயில் பொரித்த பரோட்டாவை நொறுக்கிப் போட்டு, மேலே சால்னாவைக் குளமாக ஊற்றிக் கொடுத்தார்கள். எங்கள் ஊரிலும் நீண்ட ரொட்டியைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அந்த ரொட்டி இந்தப் பரோட்டாவுக்குப் பக்கத்தில் நின்றால் கூச்சப்படும்.

"நாளைக்கு என்ன சோலி ஒங்களுக்கு?" என்றார் சங்கரலிங்கம்.

"சரக்கு பேக் ஆகணும். சும்மாதான் இருப்பேன்."

"அப்ப திருச்சுழிப் பக்கம் போய்ட்டு வருவோம். என் கொழுந்தியா ஊரு. சின்னக் கோயில் காரியம். நீங்க ஒரு பொட்டலம் எடுத்துக் குடுக்கணும். அம்புட்டுத்தான். முடிச்சதும் விருந்து."

கோயில் காரியம், அதற்கப்புறம் விருந்து. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சரியென்றேன்.

மறுநாள் காலை டவுன் பஸ் திருச்சுழியைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் பெருமூச்சு விட்டு நின்றது. டிரைவர் இறங்கி முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், கடைசியில் வேப்பமர நிழலைப் பார்த்து அங்கே போய் உட்கார்ந்தார். "இனிமே இது சாயந்தரம்தான்" என்றார், பஸ்ஸைப் பற்றியா தன்னைப் பற்றியா என்று சொல்லாமல். இரண்டு பக்கமும் உழுதுபோட்ட கரிசல், மழைக்கு வாய் பிளந்து கிடந்தது. கண்ணுக்கு எட்டிய பச்சையெல்லாம் சீமைக்கருவேலம்.

அந்தக் கருவேலத்தைச் சுட்டுக் கரியாக்கி ஏற்றிப்போகும் லாரி ஒன்று காலியாக வந்தது. சங்கரலிங்கம் கை காட்டினார். முன்சீட்டில் ஏற்கெனவே ஒரு ஆடும் அதன் சொந்தக்காரரும் இருந்ததால் நாங்கள் பின்னால் ஏறினோம். நான் வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். ஆட்டுக்காரர் அடுத்த ஊர் விலக்கில் இறங்கியதும் டிரைவர் செல்லையா எங்களை முன்னால் கூப்பிட்டார். அதற்குள் என் உடம்பில் வெள்ளையாக மிச்சமிருந்தது பல் மட்டும்தான்.

"இவுக பிரான்சு நாட்டுக்காரரு" என்று சங்கரலிங்கம் அறிமுகம் செய்தார்.

செல்லையா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்மளவிடக் கருப்பா இருக்காரே அண்ணாச்சி."

"எல்லாம் ஒன் லாரி சாயம்."

"ஒங்க நாட்டுல ராசா இருக்காகளா சார்?"

"இருந்தாரு. தலையை வெட்டிட்டாங்க."

"என்ன தப்பு பண்ணுனாரு?"

"வரி ஏறிப்போச்சு, ரொட்டி கிடைக்கல, ஜனங்க கேக்கறது அவரு காதுல விழல."

செல்லையா கியரை மாற்றிக்கொண்டு யோசித்தார். "இம்புட்டுக்கா? எங்கூரு ரேசன் கடையில நாலு மாசமாச் சீனி இல்ல. நாங்க அவன் பேரைச் சொல்லி ரெண்டு ஏசு ஏசிட்டு, கருப்பட்டி போட்டுக் குடிச்சுக்கிறோம்."

"ஏசுனா அவருக்குக் காது கேக்குமா?"

"அவனுக்குக் கேக்காதுதான். நமக்குத் தொண்ட சரியாகும்ல." இந்தப் பேச்சை நான் அப்படியே மனசில் முடிந்துகொண்டேன்.

சங்கரலிங்கத்தின் கொழுந்தியா ஊர் ஆவாரங்கண்மாய். லாரி இறக்கிவிட்ட இடத்திலிருந்து நடந்தால் முதலில் வருவது தண்ணீர்த் தொட்டி. அதன் அடியில் வரிசையாகக் குடங்கள். பக்கத்தில் ஆள் யாருமில்லை. பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் குடங்கள் மட்டும் மனிதர்களைப் போலப் பொறுமையாக நின்றன. அவற்றைத் தாண்டும்போதுதான் சங்கரலிங்கம் விஷயத்தைச் சொன்னார்.

பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறது. பத்து வருடம் கழித்து வருகிற தேர்தல். இந்த ஊர்த் தலைவர் பதவி இந்தத் தடவை பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். மனுப் போட்டிருப்பது இரண்டே பேர். ஒருவர் கோமதி, முன்னாள் தலைவர் பெருமாள்சாமியின் மனைவி. இன்னொருவர் சங்கரலிங்கத்தின் கொழுந்தியா ராசாத்தி. ஆனால் ஆவாரங்கண்மாயில் தலைவருக்கு ஓட்டு நடந்ததே கிடையாது. காளியம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். செவ்வரளியை ஒரு பூவரச இலையில், நந்தியாவட்டையை இன்னொரு இலையில் வைத்துக் கட்டித் தட்டில் போடுவார்கள். யாருக்கும் சொந்தமில்லாத அசலூர் ஆள் ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுக்கவேண்டும். எடுத்தது யார் பூவோ அவர் தலைவர். மற்றவர் அன்றைக்கே யூனியன் ஆபீசுக்குப் போய் மனுவை வாபஸ் வாங்கிவிடவேண்டும். வாபசுக்குக் கடைசி நேரம் இன்றைக்கு மூன்று மணி.

"அசலூர் ஆள் நானா?"

"ஒங்களவிட அசலூரு உண்டுமா? அசல் நாடே." அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ராசாத்தி வாசலிலேயே நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, வேகமான கை, சிரிப்பை உதட்டில் விடாமல் கண்ணில் வைத்திருக்கிறவள். கணவர் முருகேசன் ஆடு மேய்க்கப் போயிருந்தார்.

"வாங்கண்ணே. என்னத்தான் இது, விருந்தாளிய அடுப்புல போட்டு எடுத்துக்கிட்டு வந்திருக்கீக."

சங்கரலிங்கம் உட்காரவில்லை. குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "பூசாரிகிட்டப் பேசியாச்சு. நம்ம பொட்டலத்துல முடிச்சு பெருசா இருக்கும். தொட்டாலே தெரியும். அத எடுங்க." ராசாத்தியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "நீ தலைவி ஆயிட்ட, போ." சொல்லிவிட்டு முடிச்சைச் சரிபார்க்கக் கோயிலுக்குக் கிளம்பினார்.

நான் கரி பூசிய கையோடு நின்றேன். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்து, இந்த நாட்டுத் தேர்தலில் முதன்முதலாக எனக்கு ஒரு பங்கு கிடைக்கப்போகிறது. அதுவும் கள்ள ஓட்டு.

ராசாத்தி கைகழுவ ஒரு செம்பு தண்ணீர் தந்தாள். வீட்டில் ஒரே ஒரு குடத்தில் பாதி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் விரல் நுனிகளை மட்டும் நனைத்தேன்.

"நல்லாக் கழுவுங்கண்ணே. தண்ணி வரும்."

"எப்ப?"

"அதத்தான் நானும் கேக்கேன்" என்றாள். "தொட்டிச் சாவி பெருமாள்சாமி அண்ணாச்சி வீட்டு ஆணியில தொங்குது. அவுக வீட்டுல எப்பத் தோணுதோ அப்பத் திறப்பாக. சில நாளு விடியக்காலம், சில நாளு உச்சி வேள. காட்டுல வேல பாத்துக்கிட்டிருக்கப்ப 'தண்ணி வந்துருச்சு'ன்னு சத்தம் கேக்கும். களைவெட்டியப் போட்டுட்டு ஓடியாரணும். ஓடியாரதுக்குள்ள நிப்பாட்டிருவாக. புள்ளத்தாச்சியெல்லாம் ஓடுறா."

"நீ தலைவியானா நெறையத் தண்ணி விடுவியா?"

"இல்லாத தண்ணிய நான் எங்கிட்டுப் போயி விட? நெறையத் தாரேன்னு நான் யாருகிட்டயும் சொல்லல. எப்ப வரும்னு சொல்றேன்னுதான் சொல்லிருக்கேன். சொன்ன நேரத்துக்குத் திறப்பேன். அது போதும்."

எத்தனையோ கொடி, எத்தனையோ முழக்கம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சின்னதாக ஒரு வாக்குறுதியை நான் கேட்டதில்லை. எனக்குப் பேச்சு ஊறிவிட்டது. பாரிசுச் சந்தைப் பெண்கள் கதையைச் சொன்னேன். ரொட்டி இல்லை என்று கொட்டும் மழையில் கத்தியும் கம்புமாக நடந்தே அரண்மனைக்குப் போனார்கள். ராஜாவையும் ராணியையும் பிள்ளையையும் கையோடு நகரத்துக்கே கூட்டிவந்துவிட்டார்கள். ராசாத்தி குழம்பைக் கிளறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கெட்டிக்காரிகதான். அப்பறம் அவளுகளுக்கு ஓட்டு குடுத்தாகளா?"

"குடுத்தாங்க."

"எப்ப?"

"நூத்தம்பது வருஷம் கழிச்சு."

கரண்டியைப் பிடித்தபடியே சிரித்தாள். அன்றைக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

"பொம்பளைகளுக்கும் இதே உரிமை உண்டுன்னு ஒரு அம்மா அப்பவே எழுதினாங்க. அவங்க தலையையும் வெட்டிட்டாங்க" என்றேன்.

"ராசா தலையும் போச்சு, கேட்டவ தலையும் போச்சா. சரியான நியாயந்தான்." அடுப்பைத் தணித்தாள். "எனக்குக் கல்யாணமாகி இங்க வந்ததுலேருந்து தலைவருக்குன்னு ஒரு ஓட்டுப் போட்டதில்லண்ணே. டெல்லிக்குப் போட்டிருக்கேன், மெட்ராசுக்குப் போட்டிருக்கேன். இந்தத் தொட்டிக்குப் போட்டதில்ல. பூக்கட்டுற எடத்துல பொம்பளைக நிக்கக்கூடாது. அங்கிட்டு மரத்தடியில நின்னுக்கிட்டு, யாரு வந்தான்னு ஆம்பளைக சொல்லக் கேட்டுக்கணும்."

எனக்குத் தூதரகத்து வரிசை ஞாபகம் வந்தது. நான் கடல் தாண்டிப் போடுகிறேன், இவள் டெல்லி வரை போடுகிறாள். வாசலுக்கு எட்டாத விஷயத்தில் நாங்கள் ஒரே ஜாதி.

"இன்னிக்குப் பூ உனக்குத்தான் விழும். உன் அத்தான் ஏற்பாடு பண்ணிட்டாரே."

"விழும்." அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. "நாளைக்குப் போயி சாவியக் குடுங்கன்னு கேட்டா, நீ பூவுல வந்தவதானேம்பாக. முடிச்சு வெவரம் தெரிஞ்சா இன்னும் நல்லாச் சொல்வாக. நாலு பேரு போட்டு வந்தவன்னா அந்த நாலு பேராவது எம்பின்னால நிப்பாக." கொஞ்சம் நிறுத்தி, "எனக்குத் தோத்தாலும் எண்ணித் தோக்கணும்ணே" என்றாள்.

பிறகு தட்டை எடுத்து வைத்தாள். "பசியா இருப்பீக. ஒரு வாய் சாப்பிடுங்க."

"உன் அத்தான் எல்லாம் முடிஞ்சதும் விருந்துன்னாரே."

"விருந்து அப்பறம். இது சும்மா பசிக்கு."

குதிரைவாலிச் சோறு, கருவாட்டுக் குழம்பு, வறுத்த மோர்மிளகாய். குதிரைவாலி எனக்குப் புதுசு. அரிசியைவிடச் சின்னதாக, வாயில் உதிர்ந்து, குழம்பை உறிஞ்சிக்கொண்டு இறங்குகிறது. கருவாட்டு மணத்திலேயே பாதிச் சோறு போய்விட்டது. போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினேன். கைக்கு மேலேயே ஊற்றினாள். இரண்டாம் சோறு, மூன்றாம் சோறு. நான் சாப்பிடுவதை அவள் பார்த்த பார்வையில் உபசாரத்தைவிடக் கூடுதலாக என்னமோ இருந்தது. சமையலில் பெருமை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலுக்குப் போகும் வழியில் பெருமாள்சாமி எதிர்ப்பட்டார். நெடிய உருவம், நரைத்த மீசை, குரலில் நல்ல மரியாதை. "எங்க ஊருக்கு வந்தவுக நாக்கு வறண்டு போகக்கூடாது" என்று தம் வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு பாட்டில் கலர் உடைத்துக் கொடுத்தார். கோமதியம்மாள் உள்ளிருந்து எட்டிப்பார்த்து, "வாங்க" என்று சொல்லிவிட்டு உடனே கணவர் முகத்தைப் பார்த்தார், சொன்னது சரிதானா என்று. கருவாட்டுத் தாகத்துக்கு அந்தக் கலர் அமிர்தம்.

காளியம்மன் கோயில் முன்னால் ஆண்கள் கூடியிருந்தார்கள். தள்ளிப் புளியமரத்தடியில் பெண்கள். தட்டில் இரண்டு பொட்டலங்கள். முடிச்சு ஒன்றில் உண்மையிலேயே பெரிதாக இருந்தது; தூரத்திலிருந்தே தெரிந்தது. சங்கரலிங்கம் ஒன்றும் அறியாதவர் போல ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரி எனக்குத் திருநீறு பூசிவிட்டுச் சத்தமாகக் கேட்டார்:

"அசலூர்க்காரரே, இந்த ஊருல ஒங்களுக்கு ரத்த சொந்தம் உண்டா?"

"இல்லை."

"இந்த ரெண்டு வீட்டு உப்பும் ஒங்க வாயில படலயே?"

இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாதவன் ஒருவன் இருப்பான் என்று சங்கரலிங்கத்துக்குத் தோன்றவே இல்லை. பொய் சொல்லியிருக்கலாம். அம்மன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பட்டுச்சுங்க. ராசாத்தி வீட்ல சாப்பிட்டேன்."

சங்கரலிங்கம் ஆகாயத்திலிருந்து கீழே வந்தார். "எப்ப சாப்பிட்டீக?"

"நீங்க முடிச்..." என்று ஆரம்பித்து, "நீங்க கோயிலுக்கு வந்தப்ப" என்று முடித்தேன்.

"என்ன கொழம்பு?" என்றார் பூசாரி, சட்டப்படி கேட்கவேண்டும் என்பது போல.

"கருவாட்டுக் குழம்பு."

கூட்டத்தில் யாரோ, "உப்புலயே மூத்த உப்புல்லய்யா அது" என்றார். சிரிப்பு கிளம்பியது.

"எங்க வீட்டுலயும் குடிச்சாக. கலரு" என்றார் பெருமாள்சாமி. "ஆனா கலர்ல உப்பு கெடையாது. நாங்க மொற தெரிஞ்சுதான் குடுத்தோம்."

"ரெண்டு வீட்டுலயும் தொட்டாச்சுல்ல? அதுக்கு இது சரியாப்போச்சுன்னு வச்சுக்கிருவோம்" என்று சங்கரலிங்கம் அவசரமாகக் குறுக்கே வந்தார். "கலருன்னா சும்மாவா? அதுவும் சோடா கம்பெனிச் சரக்குத்தானே. சோடா உப்பு போடாமலா பொங்குது?"

"அது காஸுய்யா, வெறும் வாயு" என்றார் பெருமாள்சாமி.

"காஸு எதுலேருந்து வருது?"

இந்த விவாதம் வெகுநேரம் நடந்தது. ஜூலை பதினான்கு அன்று மேடையில் கேட்ட எந்தப் பேச்சிலும் இவ்வளவு நுட்பம் இருந்ததில்லை. கடைசியில் பூசாரி தீர்ப்புச் சொன்னார்: கலரில் உப்பு உண்டோ இல்லையோ, கருவாட்டில் உண்டு. இந்த ஆள் ஆகாது. வேறு அசலூர் ஆளைப் பிடியுங்கள்.

எல்லோரும் ரோட்டுக்கு வந்தோம். முதலில் பந்தல்குடியிலிருந்து சைக்கிளில் பாத்திரம் விற்க வந்த ஒருவர் அகப்பட்டார். கூட்டத்துக்கு உயிர் வந்தது.

"பந்தல்குடில யாரு மகன் நீங்க?"

சொன்னார்.

"ஒங்க அம்மா பெறந்த ஊரு?"

"பரளச்சி."

"பரளச்சில கெணத்தடி வீடா? அட, அப்ப கோமதி மதினிக்கு இவுக தம்பி மொறையில்ல."

பாத்திரக்காரர் கோமதியம்மாளுக்குத் தம்பியானதில் அவருக்கே ஆச்சரியம். உடனே அவருக்கு ஒரு கலர் உடைக்கப்பட்டது. அடுத்து ஐஸ் வண்டிக்காரர். அவர் பெண்டாட்டி இந்த ஊர்ப் பெண். அடுத்து நரிக்குடிப் பக்கமிருந்து ஆடு வாங்க வந்தவர். முருகேசனுக்கு மச்சான் முறை, போன பொங்கலுக்கு ராசாத்தி வீட்டில்தான் சாப்பிட்டார். கரி ஏற்றிக்கொண்டு செல்லையாவின் லாரி திரும்பி வந்தது. நிறுத்தி, உப்புப் பட்டதா என்று கேட்டார்கள்.

"இந்த ஊருல எந்த வீட்டு உப்புய்யா எனக்குப் படல?" என்றார் அவர் ஜன்னலிலிருந்து. "இப்பக்கூடப் பசிக்குது. யாரு வீட்டுல என்ன இருக்கு?"

மழை பெய்யாத பூமி. ஆனால் யார் வந்தாலும் முதலில் தட்டைத்தான் வைக்கிறார்கள். இங்கே சோறு சாப்பிடாத ஆளையும் சொந்தமில்லாத ஆளையும் இந்தச் சுற்று வட்டாரத்தில் எங்கே போய்த் தேடுவது? நான் ஒருவன்தான் இருந்தேன், என்னையும் கெடுத்துவிட்டார்கள்.

டீக்கடை ரேடியோவில் மணி சொன்னார்கள். மூன்று தாண்டியிருந்தது. சத்தம் மெல்ல அடங்கியது. பெருமாள்சாமி மீசையைத் தடவினார்.

"இனிமே வாபஸ் கெடையாதே."

"கெடையாது" என்றார் பூசாரி.

"அப்ப?"

"அப்ப ஓட்டுத்தான்."

யாருக்கும் கோபம் வரவில்லை என்பதுதான் அதிசயம். சங்கரலிங்கம் மட்டும் தலையில் கைவைத்து வேலிக்கல்லில் உட்கார்ந்தார். புளியமரத்தடிக்கு இந்தத் தடவை சேதி சொல்லிவிட யாரும் போகவில்லை; பெண்களே ரோடு வரைக்கும் வந்துவிட்டிருந்தார்கள். ராசாத்தி முன்னால் நின்றாள்.

"ஏன்த்தா, பூ எடுக்கப்போற ஆளுக்குச் சோறு போடக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்று சங்கரலிங்கம் அழமாட்டாக் குறையாகக் கேட்டார்.

"தெரியும்த்தான்" என்றாள் ராசாத்தி. "பாவம், பசியோட வந்திருந்தாக."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் மூன்றாம் சோறு ஏன் விழுந்தது என்று எனக்கு விளங்கியது.

திரும்பும்போது சங்கரலிங்கம் திருச்சுழி வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். கோயில் தெருக் கடையில் டீயும் காராச்சேவும் உள்ளே போன பிறகு கொஞ்சம் இளகி, "அம்மன் முடிச்ச அவுத்துக்கிட்டுப் போயிட்டா" என்றார். பத்து நாளில் சரக்கு ஊருக்கு வந்தது. தீபாவளி வியாபாரத்தில் நான் ஆவாரங்கண்மாயை மறந்தே போனேன் என்று சொன்னால் பொய். சேலை மடிக்கும்போதெல்லாம் அந்தக் குடங்கள் கண்ணில் நின்றன. போன் போட்டுக் கேட்டால் சங்கரலிங்கம், "நேர்ல வாங்க, சொல்றேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எதையும் நேராகச் சொல்லாத மனிதர் என்று முதலிலேயே எழுதிவிட்டேனே.

மார்கழியில் பொங்கல் சரக்குக்குப் போனேன். போனதும் ஆவாரங்கண்மாய்க்குத்தான் கிளம்பினோம், அன்றைக்குச் சாயங்காலமே. இந்தத் தடவை பஸ் ஒழுங்காகப் போனது. அதில் எழுத ஒன்றுமில்லை. முருகேசன் வீட்டில் படுக்கை. ஆட்டைத் தவிர வேறெதைப் பற்றியும் அதிகம் பேசாத மனிதர். ஜெயித்தாளா என்று கேட்டதற்கு, "காலையில தெரியும்" என்றார். இந்தக் குடும்பமே இப்படித்தான் போலிருக்கிறது.

விடிந்ததும் பல்குச்சியோடு வெளியே வந்தேன். கரிசலில் கொண்டைக்கடலைச் செடி மழை மிச்சம் வைத்த ஈரத்தில் பச்சையாக நின்றது. தண்ணீர்த் தொட்டியில் நீலச் சாயத்தில் பெரிய எழுத்து, தூரத்திலிருந்தே படிக்கலாம்: காலை ஆறு மணிக்குத் தண்ணீர். கீழே ராசாத்தி பேரும் இல்லை, பதவியும் இல்லை. குடங்களோடு இப்போது ஆட்களும் நின்றார்கள். ஏதோ தகராறு.

"ஆறு ஆயிருச்சுல்ல? எங்க தலைவி?"

"எழுதிப்போட்டாப் போதுமா? திறக்க வேணாமா?"

"ஓட்டு வாங்கையில வீடு வீடா வரத் தெரிஞ்சுச்சு. இப்பக் கால் வரலயாக்கும்."

சத்தம் போட்டவர்களில் முன்னால் நின்றது கோமதியம்மாள். புரட்டாசியில் 'வாங்க' என்று சொல்லக் கணவர் முகத்தைப் பார்த்த அதே கோமதியம்மாள், இடுப்பில் குடத்தோடு, யார் முகத்தையும் பார்க்காமல் ஏசிக்கொண்டிருந்தார். ரொம்ப நாள் சேர்த்துவைத்த குரல் போலிருந்தது.

ராசாத்தி தலையை அள்ளி முடிந்தபடி ஓடிவந்தாள். கையில் சாவி. "ஆடு குட்டி போட்டுருச்சு மதினி, அதான் கொஞ்சம் பிந்திப்போச்சு."

"ஆடு ஒனக்கு, தண்ணி ஊருக்கு. எழுதியிருக்கா இல்லியா?"

"எழுதித்தான் இருக்கு. திறக்கேன், திறக்கேன்."

அவளுக்கு ஓட்டுப் போட்டவர்கள், போடாதவர்கள் எல்லோரிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டு அவள் வால்வைத் திருகினாள். தண்ணீர் வந்தது. முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. என்னைப் பார்த்ததும் கண்ணில் அந்தப் பழைய சிரிப்பு.

"பாத்தீகளாண்ணே, காலங்காத்தால எப்படிக் கேக்குறாகன்னு. பூவுல வந்திருந்தா ஒருத்தி கேப்பாளா?" சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "நீங்க சாப்பிட்டீகளே அந்தச் சோறு, அதுதாண்ணே எனக்கு விழுந்த மொத ஓட்டு."

நான் நெஞ்சு நிமிர்ந்துபோய், வாய் கொப்பளிக்கக் குழாயடிக்குப் போனேன். ஒரு குடம் குறுக்கே வந்து நின்றது.

"அசலூர்க்காரரே" என்றார் கோமதியம்மாள். "தலைவி வீட்டு விருந்தாளின்னாலும் வரிசைதான். பின்னால போங்க."

வாயில் வேப்பங்குச்சியோடு தலையாட்டினேன். போய்க் கடைசி ஆரஞ்சுக் குடத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.